வெயில் காலத்தில் ஹீட்டர்

அன்றைக்கு அந்தச் சந்தில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வண்டி ஓட்டுகிற நான். மெக்கானிக் நவாஸ். எதிர் அடுக்குமாடி வீட்டின் வாட்ச்மேன் தாஸ் அண்ணன். வண்டியின் முன் சீட்டில், டயாலிசிஸ் முடித்துக் களைப்போடு சாய்ந்திருந்த சேஷாத்ரி மாமா. அப்புறம் புனேயிலிருந்து போனில் மாமாவின் மகள் வசுதா. போனில் இருந்தவரை அங்கே இருந்தவராகக் கணக்கில் சேர்க்கலாமா தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு நான் பயந்ததெல்லாம் அவருக்குத்தான். சேர்த்துக்கொள்கிறேன்.

மந்தைவெளியில் சித்திரை வெயில். என் பழைய வெள்ளை வண்டி, அடுக்குமாடி வீட்டின் சிமெண்டுச் சரிவில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. பானட் திறந்திருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஹீட்டரை முழுசாகத் திருப்பி வைத்திருந்தோம்.

பானட்டுக்குப் பின்னாலிருந்து நவாஸ் குரல் கொடுத்தான். "மாமா, காத்து எப்டி வருது?"

"ஜில்லுனுதான்பா வரது."

"அப்போ ஏர் இன்னும் உள்ள கீது."

நான் மாமாவின் பக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் காற்று சூடாக வர வேண்டும். வராவிட்டால் என் வேலை போய்விடும். ஹீட்டருக்கும் என் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

முள்

நான் பயந்தவள். இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு முறை இழுப்பேன். "உங்களைப் படித்துப் படித்து நானும் கேஸ் சிலிண்டரை ராத்திரியில் எழுந்து பார்க்க ஆரம்பித்துவிட்டேன்" என்று மாம்பலத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருந்தார். மன்னிக்க வேண்டும்.

வண்டி ஓட்டும்போது என் கண் பாதி ரோட்டில் இருக்கும், பாதி டெம்பரேச்சர் முள்ளில் இருக்கும். மற்ற டிரைவர்கள் பெட்ரோல் முள்ளைப் பார்ப்பார்கள். நான் அதைப் பார்ப்பதில்லை. தீர்ந்தால் போட்டுக்கொள்ளலாம்.

இந்தப் பழக்கம் கோடம்பாக்கத்தில் வந்தது. எங்கள் அம்மா அங்கே ஒரு மெஸ் நடத்தினார். ஸ்டுடியோவில் லைட் தூக்குகிறவர்களும் செட் போடுகிற தச்சர்களும் சாப்பிட வருவார்கள். எட்டாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியதும் அம்மா கொடுத்த முதல் வேலை, பால் பொங்காமல் பார்த்துக்கொள்வது. பெரிய அண்டா. என் இடுப்பு உயரம்.

"பொங்கிச்சுன்னா உன் சம்பளத்துல பிடிச்சுக்குவேன்" என்பார் அம்மா. எனக்குச் சம்பளமே கிடையாது. இருந்தாலும் பயப்படுவேன்.

பால் பொங்குவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா இருப்பதுபோல் இருக்கும். ஏடு மட்டும் லேசாக மூச்சு வாங்கும். அந்த நேரத்தில் தீயை இறக்கத் தெரிய வேண்டும். அது எனக்கு வந்துவிட்டது. தூக்கத்தில்கூட வரும். கல்யாணமான புதிதில் ராத்திரி எழுந்து உட்கார்ந்து "இறக்கு, இறக்கு" என்பேனாம். என் வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

சரி, வண்டிக்கு வருகிறேன்.

பாலத்தின் மேல்

சேஷாத்ரி மாமா அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமி போய்ச் சில வருஷம் ஆகிறது. மயிலாப்பூரில் தனியாக இருக்கிறார். சமையலுக்கு ஓர் அம்மா வந்து போவார். வாரத்துக்கு மூன்று நாள் காலையில் அவரை அடையாறில் டயாலிசிஸுக்கு அழைத்துப் போய், முடிந்ததும் திரும்ப வீட்டில் விட வேண்டும். மாச வாடகைக்கு வசுதா என்னை அமர்த்தியிருந்தார். போன் ஆப்பில் வரும் சவாரி ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது மாமாவின் சவாரியை நம்பித்தான்.

முந்தின வாரம் அடையாறு பாலத்தில் வண்டி நின்றது. மெட்ரோ வேலைக்காகப் பாதையைத் திருப்பித் திருப்பி விட்டதில் லஸ் முனையிலிருந்தே ஊர்ந்துதான் போனோம். முள் ஏறுவதைப் பார்த்தேன். ஏசியை நிறுத்தினேன். ஜன்னலை இறக்கினேன். எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். பாலத்தின் நடுவில் பானட்டின் இரண்டு ஓரத்திலிருந்தும் ஆவி வந்தது.

மாமாவை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். போய்ச் சேரத் தாமதமாகிவிட்டது. அங்கே ஒருவர் எழுந்தால் அதே படுக்கைக்கு அடுத்தவர் காத்திருப்பார். மாமாவுக்கு அன்று நேரத்தைக் குறைத்துத்தான் செய்தார்கள். சாயங்காலம் பாதம் வீங்கிவிட்டது.

வசுதா போன் செய்தார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். மெதுவாகப் பேசினார்.

"கலா, தப்பா எடுத்துக்காதீங்கோ. இது அப்பாவோட உடம்பு விஷயம். இன்னொரு தரம் அவர் நடு ரோட்டுல நிக்கப்படாது. நின்னா நான் வேற வண்டி பாத்துக்கறேன்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. என் அப்பாவாக இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன்.

நவாஸ் கழட்டிப் போட்டது

நவாஸின் பட்டறை, பட்டறை என்று சொல்ல முடியாத இடம். சந்தின் ஓரம், ஒரு புங்க மரம், ஒரு தகரப் பெட்டி. அவன் அப்பாவும் அங்கேதான் வேலை பார்த்தார். நவாஸ் வாய் ஓயாமல் பேசுவான். தனக்குத் தெரியாத வண்டி சென்னையில் ஓடவில்லை என்பது அவன் எண்ணம். எனக்கும் அப்படித்தான் எண்ணம். அதனால்தான் அவனிடமே போகிறேன்.

அன்றைக்குக் காலையில் மாமாவை அடையாறில் விட்டுவிட்டு நேராக அவனிடம் வந்தேன். மாமா எழுந்திருக்க நாலு மணி நேரம் ஆகும். அதற்குள் முடிக்க வேண்டும்.

நவாஸ் இன்ஜினை ஓட விட்டு, ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸைத் தொட்டான். கையை எடுத்தான். மறுபடி தொட்டான்.

"இன்னாக்கா இது. இன்ஜின் கொதிக்குது, ஹோஸ் வெதுவெதுன்னு கீது."

தலையைச் சொறிந்தான். நவாஸ் தலையைச் சொறிந்தால் எனக்குப் பயம். ஹெட் கேஸ்கட் போய்விட்டதா, இன்ஜினே போய்விட்டதா, வண்டியை விற்றால் லோன் அடையுமா என்று நான் கடைசி வரை போய்விட்டேன்.

"அக்கா, திட்டாத. ரெண்டு வருசம் முன்ன தெர்மோஸ்டாட்ட கழட்டிப் போட்டேன்ல."

"ஆமா. நீதான் சொன்ன, நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்குன்னு."

"எல்லாரும் அப்டித்தான்க்கா சொல்லுவாங்கோ. எங்க நைனாவும் கழட்டுவாரு. பழைய வண்டில கழட்டுனா ஒண்ணியும் ஆவாது."

அது ஒரு சின்னக் கதவு. இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை உள்ளேயே சுற்ற விடும். சூடானதும் திறந்து, ஆறுவதற்கு ரேடியேட்டருக்கு அனுப்பும். குளிர் நாட்டுக்காரனுக்குத்தான் அது வேண்டும், நமக்கு வண்டி சூடாக இருப்பதே பாரம் என்று சொல்லி, நம் ஊரில் பாதி மெக்கானிக்குகள் அதைக் கழட்டித் தூரப் போட்டுவிடுவார்கள். தண்ணீர் எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்கும், வண்டி ஜில்லென்று இருக்கும் என்பது கணக்கு.

என் வண்டியில் அந்தக் கணக்கு தப்பு. இதில் அந்தக் கதவுக்குப் பின்னால் இன்னொரு தட்டு உண்டு. ரேடியேட்டர் வழி திறக்கும்போது குறுக்கு வழியை அது மூடும். கதவே இல்லாததால் குறுக்கு வழி மூடவில்லை. கொதிக்கிற தண்ணீரில் பெரும்பகுதி ரேடியேட்டர் பக்கம் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றியது. காலி ரோட்டில் ஓடினபோது தெரியவில்லை. ஊர்ந்து போக ஆரம்பித்ததும் தெரிந்துவிட்டது.

"இது உனக்கு எப்படித் தெரியும்?"

"இப்பதான் போன்ல வீடியோ பாத்தேன்" என்றான். வெட்கப்படவே இல்லை.

சோற்றுப் பானை

நவாஸ் புதுசு வாங்கி வந்தான். உள்ளங்கையில் அடங்குகிற பித்தளைச் சாமான், நடுவில் ஒரு ஸ்பிரிங்.

"இது திறக்குமா?" என்றேன்.

"புதுசுக்கா."

"புதுசு திறக்குமா?"

நவாஸ் என்னைப் பார்த்தான். பிறகு எதிர் வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "தாஸ் அண்ணே, சோறாக்கற பானை குடு. எங்க அக்காவுக்கு சந்தேகம் வந்துச்சு."

தாஸ் அண்ணன் நங்கநல்லூரிலிருந்து வருகிறவர். கார் நிறுத்துமிடத்தின் மூலையில் கரண்ட் அடுப்பு வைத்துச் சமைத்துக்கொள்வார். "பானையில நான் சோறு திங்கணும்யா" என்றார். ஆனாலும் டீ போடுகிற பழைய பாத்திரம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தது. நவாஸ் அந்தச் சாமானை நூலில் கட்டி உள்ளே விட்டான். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.

ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் சத்தம் போட்டது. நான் நவாஸைப் பார்த்தேன். அவன் பார்க்கவில்லை. அப்புறம், ஆவிக்கு நடுவே, அந்தத் தட்டு மெல்ல நகர்ந்து வழிவிட்டது. வெளியே எடுத்ததும் அதே மாதிரி மெல்ல மூடிக்கொண்டது.

"போதுமாக்கா?"

"இன்னொரு தடவை."

தாஸ் அண்ணன் சிரித்துவிட்டார். "மேடம் வீட்ல இட்லி வெந்துச்சான்னு எத்தனை தடவை குத்திப் பாப்பாங்களோ."

இரண்டாவது தடவையும் திறந்தது. நவாஸ் பழைய தண்ணீரைத் திறந்துவிட்டான். செம்மண் கரைத்த மாதிரி வந்தது. இரண்டு போல்ட்டைக் கழட்டி, ஒட்டியிருந்த பழைய கேஸ்கட்டைச் சுரண்டி, கதவை அதன் இடத்தில் உட்கார வைத்தான். இன்ஜினைக் குளிர்விக்கும் பச்சைக் கூலன்ட் ஊற்றினான். இன்ஜினை ஓட விட்டுக் கொஞ்சம் குமிழி வந்ததும் மூடியைப் போட்டான்.

நான் மணியைப் பார்த்தேன். மாமா எழுந்திருக்கும் நேரம். "இன்னும் ஏர் இருக்குமோ?" என்றேன்.

"போற வழில தானா போய்டும்க்கா."

இந்த ஊரில் 'தானா போய்டும்' என்று சொல்லி அனுப்பிய எதுவும் தானாகப் போனதை நான் பார்த்ததில்லை. ஆனால் காக்க வைக்க முடியாது. கிளம்பினேன்.

ஆறு லிட்டர், அரை லிட்டர்

டயாலிசிஸ் முடிந்து வரும்போது மாமா எப்போதும் நடுங்குவார். வெளியே அனல் அடித்தாலும் துண்டைப் போர்த்திக்கொள்வார். ரத்தம் வெளியே போய்ச் சுற்றி வருவதால் உடம்பு குளிர்ந்துவிடுகிறது என்று அங்கே நர்ஸ் சொல்லியிருக்கிறார். காலில் சாக்ஸ். அதற்கு மேல் இன்னொரு சாக்ஸ். அந்த நாட்களில் நான் ஏசி போடுவதே இல்லை.

திரும்பும்போது மந்தைவெளிக்குள் நுழைந்ததும் முள் ஏற ஆரம்பித்தது. மாமா வீட்டுக்குப் போகிற திருப்பத்தை விட்டுவிட்டு, நவாஸின் சந்துக்குள் வண்டியைத் திருப்பி நிறுத்தினேன். ஆவி வரவில்லை. இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தால் வந்திருக்கும்.

"மாமா, மன்னிச்சுக்கோங்க. ஆட்டோ பிடிச்சுத் தரேன்."

"வேண்டாம்மா. ஆட்டோ குலுக்கினா ஊசி போட்ட கை வலிக்கும். ஆத்துல போய் மட்டும் என்ன பண்ணப் போறேன். செவுத்தப் பாத்துண்டு உக்காரணும். இங்கயே இருக்கேன்."

இன்ஜின் ஆறும் வரை காத்திருந்தோம். சூட்டோடு மூடியைத் திறந்தால் முகத்தில் அடித்துவிடும். பிறகு நவாஸ் சொன்னான், ஹீட்டருக்குள்தான் ஏர் மாட்டிக்கொண்டிருக்கிறது, வண்டியின் மூக்கைத் தூக்க வேண்டும், அப்போதுதான் ஏர் மேலே வந்து வெளியேறும், ஹீட்டரில் காற்று சூடாக வந்தால் ஏர் போய்விட்டது என்று அர்த்தம் என்று. எங்கள் பக்கத்தில் மேடு ஏது. வெள்ளம் வந்த பிறகு உயர்த்திக் கட்டிய அந்த அடுக்குமாடிச் சரிவு ஒன்றுதான்.

"ஃப்ளாட் செக்ரெட்டரி பாத்தா என் வேலை போய்டும்" என்றார் தாஸ் அண்ணன்.

"தாஸ் அண்ணே, வண்டி உள்ள ஒரு பெரியவரு உக்காந்துனு கீறாரு. நீ கேட் கதவ மூடு, நான் ஏத்திக்கறேன்."

தாஸ் அண்ணன் உள்ளே எட்டிப் பார்த்தார். மாமா துண்டுக்குள் இருந்து கை கூப்பினார். தாஸ் அண்ணன் போய்ச் சக்கரத்துக்கு இரண்டு செங்கல் கொண்டு வந்தார்.

ஹீட்டர் குமிழ் திரும்பவே இல்லை. வண்டி வாங்கியதிலிருந்து யாரும் தொட்டதில்லை. நவாஸ் துணியைச் சுற்றித் திருகினான். மின்விசிறி சுற்றியதும் எரிந்த தூசி வாசனை வந்தது. ஒரு காய்ந்த வேப்பிலை பறந்து வந்து மாமாவின் மடியில் விழுந்தது.

நான் டயாலிசிஸ் நர்ஸுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "ஒரு கதவைத் திறந்து வைங்க. தலை சுத்துதான்னு கேட்டுக்கிட்டே இருங்க. தண்ணி நிறையக் குடுத்துடாதீங்க" என்றார். மாமாவின் பக்கக் கதவைத் திறந்து வைத்தேன்.

நவாஸ் ரேடியேட்டர் வாயில் புனலை வைத்துக் கூலன்ட்டை ஊற்றினான். களக் என்று உள்ளே இறங்கியது. மறுபடி ஊற்றினான். மேலிருந்த சின்னத் திருகைத் தளர்த்தினான். நுரை நுரையாக வந்தது. ஹோஸைப் பிசைந்தான், மாட்டின் மடியைப் பிசைகிற மாதிரி.

"மொத்தம் எத்தனைப்பா குடிக்கும் இது?" என்று மாமா கேட்டார்.

"ஆறு லிட்டர் மாமா."

"குடுத்து வெச்சது. எனக்கு நாளுக்கு அரை லிட்டர்தான்."

நவாஸுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. மாமாவே சிரித்தார். "இந்தக் காத்து சமாசாரம் எனக்குத் தெரியும்டா. எங்க மெஷின் குழாய்லயும் துளி காத்து வந்தா அலறும். நர்ஸ் ஓடி வருவா. உன் வண்டி அலற மாட்டேங்கறது, அவ்ளோதான்."

சூடு

இப்போது நான் ஆரம்பித்த இடத்துக்கு வந்துவிட்டோம்.

"மாமா, காத்து எப்டி வருது?"

"ஜில்லுனுதான்பா வரது."

நவாஸ் உள்ளே வந்து கையை வைத்துப் பார்க்கலாம். ஆனால் ஒரு கையில் புனல், ஒரு கையில் ஹோஸ். நான் பார்க்கலாம். என் கை வியர்த்து வழிந்ததில் எனக்கு எதுவும் தெரியவில்லை. மாமா சாக்ஸ் இரண்டையும் கழட்டிவிட்டு, வெறுங்காலைக் காற்று வரும் இடத்தில் நீட்டியிருந்தார். அவர் காலைத்தான் நாங்கள் நம்பியிருந்தோம்.

அப்போது வசுதாவின் வீடியோ கால் வந்தது. மாமா இன்னும் வீட்டுக்கு வரவில்லை என்று சமையல்கார அம்மா சொல்லியிருக்கிறார். போனை எடுக்காமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். எடுத்தேன்.

"எங்க இருக்கேள்? அப்பா எங்க?"

"வண்டியிலதாங்க. மெக்கானிக்கிட்ட. வழியில நிக்கலைங்க. நானாத்தான் திருப்பினேன்."

"மெக்கானிக்கிட்டயா? டயாலிசிஸ் முடிச்சுட்டு வந்தவரையா? கலா, நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்?"

போனை மாமா பக்கம் திருப்பினேன். திரையில் வசுதாவுக்குத் தெரிந்தது, தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிய அவர் அப்பா. "அப்பா!" என்றார். கத்தியே விட்டார்.

மாமா ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"கத்தாதடி. இப்பதான் சூடு வரது."

"என்னது?"

"கால்ல. கதகதன்னு வரது." பிறகு பானட் பக்கம் பார்த்து, "நவாஸு, வந்துடுத்துப்பா. நன்னா சூடா வரது."

புனலில் இருந்த கூலன்ட் ஒரே மூச்சில் கீழே இறங்கியது. குமிழி நின்றது. நவாஸ் மூடியைத் திருகிவிட்டு ரேடியேட்டர் ஹோஸைத் தொட்டான். இந்த முறை வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். தெர்மோஸ்டாட் கதவு திறந்துவிட்டது. சற்று நேரத்தில் பெரிய விசிறி தானாக ஓட ஆரம்பித்தது. முள் பாதிக்குக் கீழே போய் நின்றது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அசையவில்லை.

"மாமா, நிறுத்திடவா?" என்று ஹீட்டர் குமிழில் கை வைத்தேன்.

"வேண்டாம். செத்த நாழி இருக்கட்டும். அந்தக் கதவையும் சாத்து."

சாத்தினேன். மாமா காலை இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டார். துண்டைக் கழற்றிப் பின் சீட்டில் போட்டார். டயாலிசிஸ் நாளில் அவர் துண்டைக் கழற்றி நான் பார்த்ததில்லை.

போனை என் பக்கம் திருப்பினேன். வசுதா முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருஷமா எங்கிட்ட 'குளிர்றதுடி'ன்னே சொல்றார். ஸ்வெட்டர் அனுப்பினேன், ஹாட் வாட்டர் பேக் அனுப்பினேன். கலா, அந்த ஹீட்டர் தினமும் போட முடியுமா? வரச்சே மட்டும்?"

"போடறேங்க."

"உங்களுக்குக் கஷ்டமா இருக்குமே."

"பரவால்லீங்க. மெஸ் அடுப்புக்கிட்ட வளந்தவ."

வேறு வண்டியைப் பற்றி அவர் அதற்குப் பிறகு பேசவில்லை. இன்று வரை பேசவில்லை. வாரத்துக்கு மூன்று நாள், அடையாறிலிருந்து மயிலாப்பூர் வரை, கண்ணாடியை ஏற்றிவிட்டு ஹீட்டரைப் போட்டுக்கொண்டு வருகிறேன். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர்கள் என் முகத்தில் ஓடும் வியர்வையைப் பார்த்துவிட்டு, ஏசி வேலை செய்யவில்லை என்று பரிதாபப்படுவார்கள். மாமா பாலம் ஏறும்போது பேச ஆரம்பிப்பார், இறங்கும்போது தூங்கியிருப்பார். நான் அவரையும் பார்ப்பேன், முள்ளையும் பார்ப்பேன்.

அன்றைக்கு மாமாவை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பி வந்து நவாஸிடம் எவ்வளவு என்று கேட்டேன். தான் கழட்டியதைத் தானே மாட்டியதற்குக் கூலி கிடையாது என்றான். சாமானுக்கும் கூலன்ட்டுக்கும் அவன் கைக்காசு போட்டிருந்தான். கையில் இருந்ததைக் கொடுத்தேன். மீதியை மறுவாரம் கொண்டுபோனேன். வாங்கவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வாங்கவில்லை.

"வெச்சுக்கோக்கா. பாக்கி கீதுன்னாதான் நீ பயந்துனு கரெக்டா வண்டிய இங்க எடுத்தாருவ."

அவன் சொன்னது சரி. ஒவ்வொரு முறை சந்தைத் தாண்டும்போதும் எனக்கு அது ஞாபகம் வரும். இதை எழுதும் இந்த வாரம் வரை நான் நவாஸுக்குத் தர வேண்டியது எழுநூற்று ஐம்பது ரூபாய்.